மரபு வழுவும் ஆங்கிலச் சொற்சேர்க்கை அகராதிகளும்

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் ரெயின்' என ஒருவர் எழுதினால் அத்தொடரில் இலக்கணக் குற்றம் எதனையும் காட்ட இயலாது. பெயரடை பெயருக்கு முன்னர் நிற்கிறது. இரு சொற்களின் பொருளும் தம்முள் முரணவில்லை. கேட்போர்க்குக் கருத்தும் விளங்கிவிடுகிறது. ஆயினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் அவ்வாறு சொல்லார். மழைக்கு 'ஹெவி' என்பதும் காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்பதும் அவர்தம் வழக்கு. தேநீர் 'ஸ்ட்ராங்' ஆகலாம், 'பவர்ஃபுல்' ஆவதில்லை. கார் 'பவர்ஃபுல்' ஆகலாம். அதனை 'ஸ்ட்ராங்' என்பது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. தவற்றினைக் குறிக்கும் 'மிஸ்டேக்' என்னும் பெயர் 'மேக்' என்னும் வினையை வேண்டுகிறது. வீட்டுப்பாடத்தைக் குறிக்கும் 'ஹோம்வொர்க்' என்பது 'டூ' என்னும் வினையை வேண்டுகிறது. தமிழில் இரண்டிற்கும் 'செய்' என்னும் ஒரு வினையே போதும். விருப்பத்தை உணர்த்தும் பெயரடைகளுள் 'ஃபாண்ட்' என்பதன்பின் 'ஆஃப்', 'கீன்' என்பதன்பின் 'ஆன்', 'இன்ட்ரஸ்டட்' என்பதன்பின் 'இன்' என முன்னுருபு மாறுகிறது. இம்மாற்றத்திற்குப் பொருள் அடிப்படையில் காரணம் தேடுவது பெரும்பாலும் வீண் உழைப்பாகவே முடியும்.

வினையும் பெயரும், பெயரடையும் பெயரும், பெயரும் முன்னுருபும் இவ்வாறு ஒன்றையொன்று தெரிந்து சேர்வதைச் சொற்சேர்க்கை எனலாம். அன்றாட ஆங்கிலத்தின் இயல்பு பெரிதும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. ஈராயிரம் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு அறிந்த மாணவன் ஒரு விண்ணப்பத்தை எழுதத் தடுமாறுவதற்கும், அவன் எழுதியதைத் திருத்தும் ஆசிரியர் 'இப்படிச் சொல்வதில்லை' என்பதற்கு மேல் விளக்கம் கூற இயலாமல் நிற்பதற்கும் காரணம் ஒன்றே. சொல் அகராதியில் உள்ளது. இலக்கணம் இலக்கண நூலில் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இச்சேர்க்கை நெடுங்காலம் எந்நூலிலும் முறையாக இடம் பெறவில்லை. இக்குறையை நிரப்ப எழுந்த அகராதிகளுள் முதன்மையானதாகிய பிபிஐ அகராதியின் அமைப்பையும், அதற்குப்பின் வந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியின் போக்கையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபு என்னும் வகை

மேற்காட்டிய குற்றத்திற்குப் பெயரிடுவதில் ஆங்கில இலக்கணிகள் பட்ட இடர்ப்பாட்டைத் தமிழ் இலக்கணிகள் பட்டிலர். திணை, பால், இடம், காலம், செப்பு, வினா ஆகியவற்றோடு மரபினையும் சேர்த்து வழு எழுவகை எனக் கொள்வது தமிழ் இலக்கண நெறி. ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்பதும் யானையைச் செலுத்துவோனை இடையன் என்பதும் மரபு வழு. இவற்றில் திணை மயக்கமும் இல்லை, பால் மயக்கமும் இல்லை. சொல் தன் துணையை மாற்றிக்கொண்டது என்பது ஒன்றே குற்றம்.

மரபு என்னும் இவ்வகை பெயரிடுதலோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பியக் கிளவியாக்கம், பல்வேறு வினைகளுக்குரிய பொருள்களைத் தொகுத்துச் சுட்டும் பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கே உரிய சிறப்பு வினையால் முடித்தல் ஆகாது என விதிக்கிறது. உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன யாவற்றையும் உள்ளடக்கிய உணவுப் பொதுப்பெயர் 'அயின்றார்' என்பது போன்ற பொதுவினை கொண்டே முடிய வேண்டும் என்றும், கவிப்பன, கட்டுவன, செறிப்பன, பூண்பன என வேறுபட்ட அணிகளின் பொதுப்பெயர் 'அணிந்தார்' என்பதனால் முடிய வேண்டும் என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். பெயர் எவ்வினையைத் தனக்குத் துணையாக ஏற்கும் என்பது இலக்கணத்தின் பொருளாகவே இங்குக் கொள்ளப்பட்டுள்ளது. முடிக்கும் மாலைக்கும் கழலுக்கும் வேறு வேறு வினை வேண்டிய தமிழின் இயல்பு, இத்தகைய விதியை வேண்டியிருத்தல் கூடும். ஆங்கிலத்தில் 'வேர்' என்னும் ஒரு வினையே உடை, மோதிரம், மூக்குக்கண்ணாடி, நறுமணம், தாடி, ஏன், புன்முறுவல் வரை எல்லாவற்றையும் ஏற்கிறது. மாறாக, பிற இடங்களில் தமிழ் பொதுவினையோடு அமைய, ஆங்கிலம் சிறப்பு வினையை வேண்டுகிறது. எந்த மொழி எவ்விடத்தில் நுணுகி நோக்கும் என்பதை முன்கூட்டி உரைக்க இயலாது என்பதே இதனால் பெறப்படும்.

எந்தப் பொருளைச் சான்றோர் எந்தச் சொல்லால் வழங்கி வந்தனரோ அவ்வழியே வழங்குதல் மரபு என்பது நன்னூல் தரும் வரையறையின் கருத்து. காரணம் கூறுதல் இவ்வரையறையில் இல்லை, வழக்கே சான்று. அவ்வழக்கு யாருடையது என்னும் வினாவும் இதனுள் அடங்கியிருக்கிறது.

தோக்கியோவில் தொடங்கிய பணி

ஆங்கிலேயர் இதனை அறவே உணராதிருந்தனர் என்பதற்கில்லை. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், எளிய வினையோடு சிறு துணைச்சொல் சேர்ந்து முற்றிலும் வேறான பொருள் தருவதனையும், அது அயல்மொழியாளர்க்குப் பெருந்தொல்லையாக இருப்பதனையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். 'கிவ்' என்பது கொடுத்தல். 'கிவ் அப்' என்பது கைவிடுதல். 'கிவ் இன்' என்பது பணிந்துபோதல். 'புட்' என்பது வைத்தல்; 'புட் ஆஃப்' என்பது ஒத்திப்போடுதல்; 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள்ளுதல். இவற்றை அகராதியில் சேர்த்த ஜான்சனின் உழைப்பு பெரிது. ஆனால் வினையும் துணைச்சொல்லும் சேரும் இடத்தை மட்டுமே அவர் கண்டார். பெயரும் வினையும் சேரும் இடம் அவர்க்குத் தனிச்சிக்கலாகத் தோன்றவில்லை. தாய்மொழியாளர்க்கு அது தோன்றுவதும் அரிது.

சிக்கலை முழுமையாகக் கண்டவர்கள் இங்கிலாந்துக்கு வெளியே பணியாற்றிய ஆசிரியர்கள். 1922இல் தோக்கியோ சென்ற ஹெரால்ட் பாமர், அங்கு ஆங்கிலப் பயிற்றாய்வு நிறுவனத்தை 1923இல் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் வாயிலாக 1933இல் வெளியான அறிக்கை ஆங்கிலச் சொற்சேர்க்கைகளையே பொருளாகக் கொண்டது. தனித்தனிச் சொற்களைக் கூட்டி அமைப்பதைவிட முழுமையாக ஒரே அலகாகக் கற்பதே தக்கது எனப்படும் தொடர்களே அதில் தொகுக்கப்பட்டன. பாமரைத் தொடர்ந்து அப்பணியில் ஈடுபட்ட ஏ.எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் ஆகியோருடன் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் அச்சாயிற்று. பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்து உலகெங்கும் பரவியது அதுவே. 25 வினை அமைப்புகளை வகுத்து, ஒவ்வொரு வினையும் எவ்வெவ்வமைப்பில் வரும் என எண்ணால் குறித்தது அதன் புதுமை.

இதே காலத்தில் வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் வேறொரு வழியில் சென்றார். மாணவர்க்கு மிகவும் பயன்படும் சொற்கள் எவை என எண்ணிக் கணித்து, குறைந்த சொற்களால் நூல்களை எளிமைப்படுத்தினார். 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ ஈராயிரம் சொற்களின் பட்டியல் பாடநூல் ஆசிரியர்களுக்கு நெடுநாள் வழிகாட்டியாக இருந்தது. படித்தறிதலே அவர் நோக்கம். அந்நோக்கிற்கு அது சாலவும் பொருந்தும். ஆனால் இந்தியப் பள்ளிகளில் அதே முறை எழுதுதற்கும் பேசுதற்கும் உரிய அளவுகோலாக ஆயிற்று. இங்கேதான் கேடு நேர்ந்தது. பட்டியலின் தலையில் நிற்கும் 'டேக்', 'மேக்', 'கெட்', 'செட்' முதலிய வினைகள் முதலிரண்டு ஆண்டுகளிலேயே கற்று முடிக்கப்பட்டனவாகக் கருதப்பட்டன. உண்மையில் அவ்வினைகளே மிகுதியான சேர்க்கைகளை உடையவை. தனக்கெனப் பொருள் குறைந்த வினை, பெயரைச் சார்ந்தே பொருள் பெறும். 'ஹேவ் எ லுக்', 'டேக் எ வாக்', 'கிவ் எ ஷவுட்' என்னும் பேச்சுத் தொடர்களில் செயலைச் சொல்வது பெயர். வினை காலத்தை மட்டுமே ஏற்று நிற்கிறது. எளிய சொல் எனப்பட்டது, பயன்பாட்டில் அரிய சொல்லாகிவிடுகிறது.

1950களில் சென்னை மாநிலத்தில் புகுந்த அமைப்புவழிப் பாடத்திட்டமும், அப்பதிற்றாண்டின் இறுதியில் 'மெட்ராஸ் ஸ்னோபால்' எனப் பெயர் பெற்ற ஆசிரியர் பயிற்சி இயக்கமும் பாமர், ஹார்ன்பி வழிவந்த தொடரமைப்புகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. தொடரமைப்பு கிடைத்தது, அதனுள் எச்சொல்லோடு எச்சொல்லைப் பெய்வது என்பது கிடைக்கவில்லை. பாமரின் பணியில் ஒரு பாதியே இங்கு வந்து சேர்ந்தது எனலாம்.

இதற்கிடையில் இலண்டனில் ஜே.ஆர். ஃபர்த், சொல்லின் பொருளுள் ஒரு கூறு அதனோடு வழக்கமாக வரும் பிற சொற்களால் அமைவது என்னும் கொள்கையை 1951இலும் 1957இலும் வெளியான கட்டுரைகளில் நிறுவினார். இரவினைக் குறிக்கும் சொல்லின் பொருளில் இருளைக் குறிக்கும் பெயரடையோடு அது சேர்ந்து வருதலும் ஒரு பகுதி என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. ஆசிரியர்களின் தேவையாக இருந்தது மொழியியலின் கருத்தாக உயர்ந்தது இவரால்.

பெயரைத் தலைமையாகக் கொண்ட அகராதி

மார்ட்டன் பென்சன், எவலின் பென்சன், ராபர்ட் இல்சன் ஆகிய மூவரும் தொகுத்து 1986இல் வெளியிட்ட அகராதி அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் பிபிஐ என வழங்கப்படுகிறது. 1997இலும் 2010இலும் அது திருத்தப் பதிப்புகள் கண்டது. முதல் ஆசிரியர் சிலாவிய மொழிகளில் வல்லவர். செர்போ குரோவேசிய அகராதித் துறையில் உழைத்தவர். வேற்று மொழியிலிருந்து ஆங்கிலத்தை நோக்கும் பார்வை இந்நூலில் அமைந்திருப்பதற்கு அது காரணமாகலாம்.

இந்நூல் சேர்க்கைகளை இருபெரும் பிரிவாக்குகிறது. பெயர், பெயரடை, வினை என்பன முன்னுருபோடோ ஒரு தொடரமைப்போடோ சேர்வது இலக்கணச் சேர்க்கை. அது எட்டு வகை. பெயர், வினை, பெயரடை, வினையடை ஆகியன தம்முள் சேர்வது சொல்வழிச் சேர்க்கை; அது ஏழு வகை. இரண்டாம் பிரிவின் முதலிரு வகைகளே இந்நூலின் சிறப்பு. ஒரு பொருளை ஆக்குதல் அல்லது இயங்கச் செய்தலைக் குறிக்கும் வினை அப்பொருளின் பெயரோடு சேர்வது முதல் வகை. அதனை அழித்தல் அல்லது நீக்குதலைக் குறிக்கும் வினை சேர்வது இரண்டாம் வகை. சட்டத்திற்கு ஆக்கவினை 'பாஸ்', நீக்கவினை 'ரிபீல்'. முற்றுகைக்கு ஆக்கவினை 'இம்போஸ்', நீக்கவினை 'லிஃப்ட்'. திருமணத்தைச் செல்லாததாக்குவதற்கு 'அன்னல்' என்னும் வினை. மேல்முறையீட்டைத் தள்ளுவதற்கு 'ரிஜெக்ட்'. இப்பகுப்பிற்கும் மாஸ்கோவில் 1960களில் ஷொல்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து இகோர் மெல்ச்சுக் வகுத்த சொற்சார்புக் கோட்பாட்டிற்கும் உள்ள உறவு எளிதில் புலப்படும். ஒரே பொருட்சார்பு வெவ்வேறு பெயரிடத்து வெவ்வேறு சொல்லாக வெளிப்படும் என்பது அக்கோட்பாடு. மிகுதி என்னும் சார்பு மழையிடத்து 'ஹெவி' ஆகவும் தேநீரிடத்து 'ஸ்ட்ராங்' ஆகவும் வெளிப்படுகிறது. மெல்ச்சுக்கின் குறியீடுகளைக் கற்க ஒரு பருவம் வேண்டும். பென்சன் குழுவினர் அவற்றைக் களைந்து, கருத்தை மட்டும் மாணவன் கைக்கு எட்டுமாறு செய்தனர். இது சிறிய செயலன்று.

இதனினும் முதன்மையானது பதிவு செய்யும் இடம் பற்றிய முடிவு. 'பே அட்டென்ஷன்' என்பதை 'பே' என்னும் வினையின்கீழ்த் தராமல் 'அட்டென்ஷன்' என்னும் பெயரின்கீழ்த் தருகிறது பிபிஐ. எழுதுவோன் மனத்தில் முதலில் எழுவது பெயர். 'கவனம்' என்னும் கருத்துக்குரிய பெயர் அவனுக்குத் தெரியும். தெரியாதது அதனை ஏற்கும் வினை. செருமானிய அறிஞர் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஹவுஸ்மன் சொற்சேர்க்கையில் ஒன்றை அடிச்சொல் என்றும் மற்றதைச் சேர்சொல் என்றும் வேறுபடுத்தி, எழுதுவோர்க்குரிய அகராதியில் சேர்சொல் அடிச்சொல்லின்கீழ் வர வேண்டும் என வற்புறுத்தினார். பொது அகராதிகள் இதனைக் கொண்டாடியதில்லை. பணம் செலுத்துதலைக் குறிக்கும் 'பே' என்பதைத் தேடிச் சென்று அங்கே கவனத்தைக் காண்பான் என மாணவனை எதிர்பார்ப்பது, தெரியாத சொல்லைத் தெரிந்தால்தான் தேட முடியும் என்பதற்கு ஒப்பாகும். கனவு காணும் தமிழ் மாணவன் 'சீ எ ட்ரீம்' என்று எழுதுகிறான். மருந்து சாப்பிடும் மாணவன் 'ஈட் மெடிசின்' என்று எழுதுகிறான். 'ட்ரீம்', 'மெடிசின்' என்னும் பெயர்களைத் திறந்து நோக்கினால் 'ஹேவ்' என்பதும் 'டேக்' என்பதும் கிடைத்துவிடும்.

வினையமைப்புகளைப் பொறுத்தவரை இந்நூலின் நிலை அத்துணைச் சிறந்ததன்று. ஆங்கில நெடுங்கணக்கின் ஏ முதல் எஸ் வரை பத்தொன்பது எழுத்துகளால் வினையமைப்புகள் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் மிகவும் பயனுடையவை. 'செண்ட்' என்னும் வினையில், அனுப்பப்பட்ட பொருளை முன்னும் பெறுவோனை முன்னுருபோடு பின்னும் வைக்கலாம். பெறுவோனை முன்னுருபின்றி முன்னே வைத்தலும் ஆகும். 'டிஸ்க்ரைப்', 'மென்ஷன்' முதலிய வினைகளில் பின்னது ஆகாது. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என இந்திய வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் தொடர் எதனால் ஏலாது என்பதை இவ்வேறுபாடு ஒரே எழுத்தில் உணர்த்திவிடுகிறது. எஞ்சிய எழுத்துகளை நினைவிற்கொள்ளுதல் ஆசிரியர்க்கே அரிது. 1978இல் வந்த லாங்மன் அகராதியும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளைத் தந்து, பயன்படுத்துவோர் அவற்றைக் கண்டுகொள்ளாமையால் 1987ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றை எளிதாக்கியது. அப்பட்டறிவு கண்முன் இருந்தும் பிபிஐ தன் எழுத்துகளை விடவில்லை.

ஆயினும் குறியீடு வெளித்தோற்றமே. கருத்தளவில் எழும் தடை வேறு. இலக்கணச் சேர்க்கை, சொல்வழிச் சேர்க்கை என்னும் பகுப்பு வகைப்பாட்டிற்கு வசதியானது. ஆனால் அன்றாட ஆங்கிலம் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. 'அட்டென்ஷன்' என்பதற்கு 'பே' என்னும் வினை ஓரிடத்திலும் 'டு' என்னும் முன்னுருபு வேறோரிடத்திலும் சொல்லப்படுகின்றன. படிப்பவன் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே கூட்டல் எளிது. 'ரெஸ்பெக்ட்' என்னும் பெயரில் அவ்வாறன்று. மதிப்பு வைத்தலாயின் 'ஹேவ் ரெஸ்பெக்ட் ஃபார்'. நேரில் கண்டு வணக்கம் செலுத்துதலாயின் 'பே', பன்மைப் பெயர், 'டு'. ஒன்றைப் பொறுத்தவரை என்னும் பொருளில் 'வித் ரெஸ்பெக்ட் டு'. இவ்வகையில் என்னும் பொருளில் முன்னே 'இன்'. 'கண்ட்ரோல்' என்பதும் இத்தகையதே: 'ஹேவ்' வினையோடு 'ஓவர்' வரும், 'லூஸ்', 'டேக்' என்பவற்றோடு 'ஆஃப்' வரும், கட்டுக்குள் இருத்தலைச் சொல்ல 'அண்டர்' முன்னே வரும். முன்னுருபு பெயரின் தனியுடைமை அன்று. வினை மாறின் அதுவும் மாறும், பெயரின் எண் மாறினும் மாறும். வினை, பெயர், முன்னுருபு மூன்றும் சேர்ந்த முழுமையே அலகு. பிபிஐ பதிவுகளில் வரும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன என்பது உண்மை. அவ்வாறாயின் எடுத்துக்காட்டு நன்றாகச் செய்யும் பணியை வகைப்பாடு செய்யத் தவறியது என்றே கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை வழி

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, கணிப்பொறியில் சேர்த்த பெருந்தரவிலிருந்து எழுந்தது. அப்பணியின் பயனாக சின்க்ளேர் கண்ட உண்மை, மேற்கூறிய முழுமையை வேறொரு கோணத்திலிருந்து உறுதி செய்தது. அவர் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 'நேக்கட் ஐ' என்னும் தொடரை எடுத்துக்கொண்டார். தமிழில் வெறுங்கண் எனப்படுவது அது. பெயரடையும் பெயரும் சேர்ந்த சேர்க்கை என்று கூறிக் கடந்து செல்லத்தக்கதாகவே அது தோன்றும். தொடரடைவில் வரிசைப்படுத்தி நோக்கியபோது, அதன் இடப்பக்கத்தில் ஏறக்குறைய எப்போதும் 'த' என்னும் சுட்டும், அதற்கு முன் 'வித்' அல்லது 'டு' என்னும் முன்னுருபும், அதற்கும் முன் காணுதல் அல்லது தோன்றுதலைக் குறிக்கும் வினையோ பெயரடையோ வருவது புலனாயிற்று. காணுதலைக் குறிக்கும் வினையாயின் 'வித்'. 'விசிபிள்' போன்ற பெயரடையாயின் 'டு'. எல்லாவற்றையும் சூழ்ந்து, காண்டல் அரிது என்னும் குறிப்பும் அத்தொடரில் நிலவுகிறது. அரிதில் காணப்படும் விண்மீனுக்கும் நுண்ணுயிருக்குமே அது வருகிறது. எதிர்வீட்டை வெறுங்கண்ணால் கண்டதாக எவரும் கூறார். வினை, பெயரடை, பெயர், முன்னுருபு நான்கும் தனித்தனி இலக்கண வகைகளாக நின்ற நிலை மாறி, ஒரே சொல்லைப்போல் இயங்கும் காட்சி இது. இதே போக்கில், தொடங்குதலைக் குறிக்கும் 'செட் இன்' என்னும் வினை அழுகல், தளர்ச்சி, நம்பிக்கையிழப்பு போன்ற தீயவற்றையே எழுவாயாக ஏற்பதையும் அவர் முன்னரே காட்டியிருந்தார். மகிழ்ச்சி 'செட் இன்' ஆவதில்லை. இத்தகைய குறிப்பினைப் பிபிஐ வகைப்பாட்டின் பதினைந்து வகைகளுள் எதிலும் அடக்க இயலாது.

பத்துக் கோடிச் சொற்களை உடைய பிரித்தானியத் தேசியத் தரவகத்தை அடிப்படையாகக் கொண்டு 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதி வெளிவந்தது. ஏறத்தாழ 9,000 தலைச்சொற்களின்கீழ் 1,50,000 சேர்க்கைகளைத் தருவதாக அறிவித்தது. இங்கும் பெயரே தலைமை. அவ்வகையில் பிபிஐ வகுத்த நெறி வென்றுவிட்டது எனலாம். குறியீடுகள் இல்லை, பெயரின்கீழ்ப் பெயரடை, வினை, முன்னுருபு என வரிசையாகத் தருவதால் எவரும் எளிதில் நோக்கலாம். ஆயினும் இதன் வளமே இதன் குறையும் ஆகிறது. முற்றும் கட்டற்றவற்றையும் முற்றும் இறுகிய மரபுத்தொடர்களையும் விலக்கி, இடைப்பட்ட அனைத்தையும் இது தழுவுகிறது. திரைப்படம் பார்த்தல் போன்று எவரும் தாமே அமைத்துக்கொள்ளக்கூடிய தளர்ந்த சேர்க்கையும், மாற்றவே இயலாத இறுகிய சேர்க்கையும் ஒரே வரியில் நிற்கின்றன. ஒரு பெயருக்கு முப்பது பெயரடைகள் கிடைக்கும்போது, அவற்றுள் எது எவ்விடத்துக்குரியது என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் இல்லை. பொருள் நெருங்கியவற்றை ஒரு தொகுதியாக வைத்துக் கோடிட்டுப் பிரிப்பதோடு அகராதி நின்றுவிடுகிறது. ஏற்கெனவே ஆங்கில வழக்கு அறிந்தவனுக்கு மறந்ததை நினைவூட்ட இது போதும். அறியாதவனுக்கு முப்பது வாயில்களைக் காட்டி ஏதேனும் ஒன்றில் நுழைக எனச் சொல்வதாகும்.

பிபிஐ ஆசிரியர்கள் இவ்விடத்தில் கடைப்பிடித்த கட்டுப்பாடு மதிக்கத்தக்கது. பருப்பொருள் எதனோடும் சேரும் 'டிஸ்ட்ராய்' போன்ற வினைகளை, முன்கூட்டி அறியத்தக்கன என்பதனால் அவர்கள் பதிவு செய்யவில்லை. முன்கூட்டி அறிய இயலாததே அகராதியில் இடம் பெறும் உரிமை உடையது என்பது அவர்கள் கொள்கை. இதில் மறைந்துள்ள இடர் ஒன்று உண்டு. யாரால் முன்கூட்டி அறிய இயலாதது? மழை பெய்வதை 'ஃபால்' என்னும் வினையால் சொல்வது ஐரோப்பிய மாணவனுக்கு இயல்பாகத் தோன்றலாம். 'பெய்' என்னும் தனிவினை உடைய தமிழனுக்கு அது கற்க வேண்டியதே. முன்னறிதல் என்பது கற்போனின் தாய்மொழியைப் பொறுத்தது. எல்லா மொழியினர்க்கும் ஒன்றாகத் தொகுக்கப்படும் அகராதி இதனைக் கருதுதல் இயலாது. இருமொழிச் சொற்சேர்க்கை அகராதியே கருத முடியும்.

இந்திய வழக்கு

'டிஸ்கஸ் அபவுட்' என்பது இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே பிழைத்திருத்த நூல்களில் எடுத்துக்காட்டப்படுவது. தாய்மொழியில் 'பற்றி விவாதித்தல்' என இருப்பதால் வந்த பிழை என்பது வழக்கமான விளக்கம். இவ்விளக்கம் போதாது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தொடர் பதிவாகியுள்ளது. அவ்விடத்துத் தாய்மொழிகள் அனைத்தும் தமிழைப்போல் அமைந்தவை அல்ல. காரணம் ஆங்கிலத்தின் உள்ளேயே கிடக்கிறது. 'டிஸ்கஷன்' என்னும் பெயர் 'அபவுட்' என்பதை ஏற்கும். 'டிஸ்கஸ்' என்னும் வினை ஏலாது. 'எம்ஃபசிஸ்' என்னும் பெயருக்கு 'ஆன்' உண்டு. 'எம்ஃபசைஸ்' என்னும் வினைக்கு இல்லை. 'ரிசெம்பிளன்ஸ்' என்பதற்கு 'டு' உண்டு. 'ரிசெம்பிள்' என்பதற்கு இல்லை. ஆங்கில வினை செயப்படுபொருளை நேரே ஏற்கும். பெயர் அவ்வாறு ஏற்க இயலாமையின் முன்னுருபு ஒன்றை இடையே வேண்டும். 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்', 'அட்டாக்', 'லாக்', 'ஸ்ட்ரெஸ்' போன்றவற்றில் வினைக்கும் பெயருக்கும் வடிவும் ஒன்றே. 'எ டிமாண்ட் ஃபார்' எனப் பெயரில் கற்றவன் வினையிலும் 'ஃபார்' சேர்ப்பது கல்லாமையின் விளைவு அன்று. கற்றதை ஒழுங்காகப் பரப்பியதன் விளைவு. 'டிபெண்ட்' என்னும் வினைக்கும் 'டிபெண்டண்ட்' என்னும் பெயரடைக்கும் 'டிபெண்டன்ஸ்' என்னும் பெயருக்கும் 'ஆன்' ஒன்றே வருவதையும் அவன் கண்டிருக்கிறான். ஆங்கிலம் ஓரிடத்தில் காக்கும் ஒழுங்கை மற்றோரிடத்தில் காப்பதில்லை. எதிர்மறையாகிய 'இண்டிபெண்டண்ட்' என்பதற்கு உடனே 'ஆஃப்' வந்து நிற்கிறது.

சொற்சேர்க்கை அகராதிகள் இவ்விடத்தில் கைவிட்டுவிடுகின்றன. வருவதனைப் பதிவு செய்யும் அகராதி வாராததனைச் சொல்வதில்லை. பெயரும் வினையும் தனித்தனிப் பதிவுகளாக நிற்க, இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எங்கும் சொல்லப்படாமல் போகிறது. பொதுக் கற்போர் அகராதிகள் சில, 'டிஸ்கஸ்' போன்ற சொற்களின்கீழ் எச்சரிக்கைக் குறிப்பு தருகின்றன. குறிப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் தனியே வருவதால் அதன் பின்னுள்ள பொதுவிதி மாணவனுக்குப் புலனாவதில்லை. பெயரையும் வினையையும் பெயரடையையும் அருகருகே நிறுத்தி முன்னுருபு காட்டும் ஒரு சிறு பட்டியல், இத்துணைப் பெரிய நூல்கள் செய்யாத உதவியைச் செய்யும்.

இவற்றை வழு என்று முற்றாகத் தள்ளுவதா என்பது வேறு வினா. தமிழ் இலக்கணம் வழுவோடு வழுவமைதியும் கூறியது. விதியின் வழுவியதாயினும் காரணம் பற்றிக் கொள்ளத்தக்கதாயின் அமைக்கப்படும். பிபிஐ அமெரிக்க வழக்கையும் பிரித்தானிய வழக்கையும் வேறுபடுத்தி இரண்டையும் ஏற்கிறது. முடிவெடுத்தலை 'மேக்' வினையால் சொல்வது இருவர்க்கும் பொது. 'டேக்' வினையால் சொல்வது பிரித்தானியர் வழக்கு. வினை மாறியும் இங்கு வழு இல்லை. இரு மரபு உண்டு. தேர்வு எழுதுதலை 'ரைட்' வினையால் சொல்லும் இந்தியர் வழக்கு அத்தகைய மரபாகுமா? கனடியரும் அவ்வாறு சொல்வர் என்பதால் அது விரைவில் மன்னிக்கப்படுகிறது. 'டிஸ்கஸ் அபவுட்' மன்னிக்கப்படுவதில்லை. சான்றோர் யார் என்னும் நன்னூல் காலத்து வினாவே இங்கு மீண்டும் எழுகிறது. பெருந்தரவின் வருகையால் அச்சான்றோர் இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. ஆனால் எவருடைய வாக்கியங்களை எண்ணுவது என்பதில் பழைய வேற்றுமை அப்படியே நிற்கிறது.

இந்தியத் தரப்பில் தரவு இல்லை என்பதற்கில்லை. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி தலைமையில், 1978ஆம் ஆண்டு அச்சான இந்திய ஆங்கில நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் பத்து இலட்சம் சொற்கள் தொகுக்கப்பட்டன. அமெரிக்கப் பிரவுன் தரவகத்தின் அமைப்பைப் பின்பற்றியது அது. பிரவுன் தரவகம் 1961ஆம் ஆண்டுக்குரியது. பதினேழு ஆண்டு இடைவெளியில் நேர்ந்த மாற்றம் எது, நாட்டு வேறுபாடு எது எனப் பிரித்தல் எளிதன்று. அன்றியும் அச்சானவை பதிப்பாசிரியர் கை பட்டவை. அன்றாட வழக்கு அங்கே ஓரளவே எஞ்சியிருக்கும். பின்னர் உருவான பன்னாட்டு ஆங்கிலத் தரவகத்தின் இந்தியப் பகுதி, ஐந்நூறு பகுதிகளுள் முந்நூறு பேச்சுப் பகுதிகள் என்னும் பொதுத்திட்டத்தில் அமைந்தமையால் இக்குறை நீங்கியது. ஆனால் பத்து இலட்சம் சொற்கள் இலக்கணக் கூறுகளை ஆராயப் போதுமாயினும் சொற்சேர்க்கைக்குப் போதா. ஒரு குறிப்பிட்ட பெயரும் ஒரு குறிப்பிட்ட வினையும் சேர்ந்து வருவதை நான்கைந்து முறையேனும் காண, பன்மடங்கு பெரிய தரவு வேண்டும்.

இந்திய அலுவலகக் கடிதங்களின் இறுதியில் ஆவன செய்யுமாறு வேண்டும் 'டூ த நீட்ஃபுல்' என்னும் தொடர், ஒருகாலத்தில் பிரித்தானியர் தாமே வழங்கியது. அங்கு அது வழக்கருகிப் போக, இங்கு நிலைபெற்றது. இன்று ஆங்கில நடை நூல்கள் அதனை எள்ளி ஒதுக்குகின்றன. பென்சன் வகைப்பாட்டில் வைத்து நோக்கினாலோ, சொல்வழிச் சேர்க்கையின் முதல் வகைக்கு இதனினும் தூய எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது: பெயராய் நிற்கும் சொல்லுக்கு வினை ஒன்றே, அவ்வினையை முன்கூட்டி அறிய இயலாது, 'மேக்' என்றோ 'டேக்' என்றோ அதனை மாற்றிச் சொல்வார் இந்தியாவில் ஒருவரும் இலர்.